முகநரம்பும் தோட்டப்புறமும்: வட சிலாங்கூர்த் தொழுநோய் வரலாறு

தோட்டப்புற மக்களின் உடல்நல வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் மலேரியாவைப் பற்றியே எழுதுவர். அது இயல்பே. மலேரியா கூட்டங்கூட்டமாக உயிர்களைக் கொண்டு சென்றது. அதனை எதிர்த்து 1901ஆம் ஆண்டு கிள்ளானில் மால்கம் வாட்சன் தொடங்கிய வடிகால் பணி உலகப் புகழ் பெற்றது. ஆனால் அதே தோட்டங்களில் மற்றொரு நோயும் இருந்தது. அது விரைந்து கொல்லவில்லை. நரம்புகளை மெல்ல அழித்தது, முகத்தை மாற்றியது, முகம் மாறியவரை வீட்டிலிருந்தும் ஊரிலிருந்தும் பிரித்தது. தொழுநோய் என்னும் அந்நோயின் வரலாற்றில் முகநரம்புகளுக்குரிய இடத்தை இச்சொற்பொழிவில் நாம் ஆராய்கிறோம்.

நம்முன் உள்ள வினா எளியது. முகநரம்பின் நிலையை அறியும் சோதனைகளுக்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. ஒரு பஞ்சுத் திரி, இரண்டு கண்கள், சில சொற்கள் போதும். அவ்வாறிருந்தும் நரம்பு பட்டுப்போன பின்னரே பலர் மருத்துவரை அடைந்தது ஏன்? விடையை மருத்துவத்தில் மட்டும் தேடினால் கிடைக்காது. சட்டத்திலும் மொழியிலும் அதன் பாதி அடங்கியுள்ளது.

தோட்டங்களும் சாலையும்

சிலாங்கூர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் கோலசிலாங்கூர் அமைந்துள்ளது. அதனைச் சூழ்ந்து ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய வட்டாரங்களில் இரப்பர்த் தோட்டங்கள் விரிந்தன. பத்தாங் பெர்ஜுந்தை இன்று பெஸ்தாரி ஜெயா என்னும் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917ஆம் ஆண்டு பிரெஞ்சு நாட்டவரான ஆன்றி ஃபோக்கோனியே மலாயாவின் முதல் வணிகச் செம்பனைப் பயிரை நட்டார். கிழக்கே உலு சிலாங்கூரின் பத்தாங் காலி, கலும்பாங் முதலிய பகுதிகளிலும் தோட்டங்கள் இருந்தன. இத்தோட்டங்களில் பால்வெட்டியவர்களில் மிகப் பலர் கங்காணி முறையில் தமிழகத்திலிருந்து வந்தவர்கள்.

அவர்கள் நாகப்பட்டினம், ஆவடி முகாம்களில் சோதிக்கப்பட்டே கப்பலேறினர். பெரியம்மையும் வாந்திபேதியும் அங்குப் பிடிபடக்கூடும். தொழுநோயின் போக்கு வேறு. கிருமி உடலில் புகுந்த பின் அடையாளம் தோன்றப் பல ஆண்டுகள் ஆகும். சிலருக்கு 20 ஆண்டுகளும் ஆவதுண்டு. முகாமில் நலமாக நின்ற இளைஞர் ஒருவருக்குத் தோட்டத்தில் திருமணமாகிப் பிள்ளைகள் பிறந்த பின்னரே தேமல் தோன்றலாம். எனவே நோயைக் கண்டறியும் பொறுப்பு முகாமிலிருந்து தோட்டத்தின் மேல் விழுந்தது. தோட்டத்தில் அப்பொறுப்பை நாள்தோறும் சுமந்தவர் டிரெசர். ஆங்கில மருத்துவர் குறித்த நாளில் வந்து செல்பவர். நோயாளியின் மொழியைக் கேட்டவரும் அதை மருத்துவருக்குப் பெயர்த்துச் சொன்னவரும் டிரெசரே.

கோலசிலாங்கூர்ப் பகுதியிலிருந்து ஈஜோக் வழியாகக் கோலாலம்பூரை நோக்கிச் செல்லும் சாலை சுங்கை பூலோவைத் தொட்டுச் செல்கிறது. நோய் உறுதியானவர்க்கு 1930ஆம் ஆண்டிற்குப் பின் அந்தச் சாலையின் பொருளே மாறிப்போனது. அதனைப் பின்னர்க் காண்போம். முதலில் நரம்புகளை அறிந்துகொள்ள வேண்டும்.

முகத்தில் இரு நரம்புகள்

மூளையிலிருந்து நேராகப் புறப்படும் நரம்புகளைக் கபால நரம்புகள் என்கிறோம். அவை 12 இணைகள். இவ்வாறு 12 என எண்ணும் முறையை 1778ஆம் ஆண்டு ஜெர்மானிய உடற்கூற்றறிஞர் சோமரிங் நிலைநாட்டினார். அவற்றுள் முகத்திற்கு முதன்மையானவை இரண்டு. ஐந்தாவது முக்கிளை நரம்பு. நெற்றி, கன்னம், தாடை ஆகிய மூன்று பகுதிகளின் உணர்ச்சியையும் மூளைக்குக் கொண்டு செல்வது. மெல்லும் தசைகளை இயக்குவதும் அதுவே. ஏழாவது முகநரம்பு, சிரிக்கவும், புருவம் உயர்த்தவும், கண்ணை மூடவும் செய்வது.

இவ்விரண்டின் வேறுபாடு நெடுங்காலம் தெளிவாக இருக்கவில்லை. முகத்தில் மின்னல்போல் வெட்டும் கொடிய வலியைத் தீர்ப்பதாக எண்ணி, ஐரோப்பிய அறுவை மருத்துவர் சிலர் ஏழாம் நரம்பை அறுத்தனர். வலி அப்படியே நின்றது; முகம் மட்டும் கோணிப்போனது. 1821ஆம் ஆண்டிலிருந்து சார்லஸ் பெல்லும், அவரைத் தொடர்ந்து ஹெர்பர்ட் மேயோவும் செய்த ஆய்வுகளே இயக்கம் ஏழாவதற்கும் உணர்ச்சி ஐந்தாவதற்கும் உரியது எனத் தெளிவாக்கின. பிழையான நரம்பை அறுத்த அந்த வரலாறு மாணவர்க்கு ஒரு பாடம். வலியைத் தீர்க்க விரும்புவோர், அவ்வலி எந்த நரம்பில் ஓடுகிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளை நாடும். ஏழாம் நரம்பின் மேற்கிளைகள் கன்னத்து எலும்பின் மேல் தோலுக்கு மிக அருகில் செல்வதால் அங்கே தாக்குண்கின்றன. அதன் விளைவாக இமை மூடும் தசை தளர்கிறது. ஐந்தாம் நரம்பின் கிளைகள் கெடும்போது கருவிழியின் உணர்ச்சி மங்குகிறது. இரண்டும் ஒருங்கே நேர்ந்தால் கண்ணுக்குக் காவலில்லை. தூசி விழுந்தாலும் உறுத்தாது. உறுத்தினாலும் இமை மூடாது. விடியற்காலையில் பால்வெட்டச் செல்பவருக்கும், தலைக்கு மேலிருந்து தூசியும் சிம்பும் உதிரச் செம்பனைக் குலை வெட்டுபவருக்கும் இது எத்தகைய கேடு என்பதை விளக்க வேண்டியதில்லை. கருவிழியில் புண் உண்டாகிறது; வலியில்லாமையால் நோயாளி வேலைக்குச் செல்கிறார்; பார்வை போகிறது.

சோதிக்கும் முறையைச் சுருக்கமாகக் கூறுவோம். உறங்குவதுபோல் கண்களை மெல்ல மூடச் சொல்ல வேண்டும். இமைகளுக்கிடையே வெள்ளை தெரிந்தால் இடைவெளியை மில்லிமீட்டரில் அளந்து குறிக்க வேண்டும். பின்னர் இறுக மூடச் சொல்லி, இமையை விரலால் மெல்லத் திறக்க முயன்று தசையின் வலிமையை அறிய வேண்டும். புருவத்தை உயர்த்தவும், பல் தெரியச் சிரிக்கவும் சொல்ல வேண்டும். பக்கவாதத்தில் முகத்தின் கீழ்ப்பாதி கோணினாலும் நெற்றி பெரும்பாலும் சுருங்கும். பெல்லின் பெயரால் வழங்கும் முகவாதத்தில் ஒரு பக்கம் முழுவதும் தளரும். தொழுநோயிலோ பலருக்கு இமை மட்டும் தளர்ந்து, வாய் செம்மையாக இருக்கும். இந்த மூன்று கோலங்களையும் பழகிய கண் நொடியில் பிரித்தறியும்.

ஐந்தாம் நரம்பின் சோதனை வேறு வகையானது. கண்களை மூடச் சொல்லி, நெற்றியிலும் கன்னத்திலும் தாடையிலும் பஞ்சால் தொட்டு, “தொடுவது தெரிகிறதா? இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறதா?” என வினவ வேண்டும். பல்லைக் கடிக்கச் சொல்லித் தாடைத் தசையைத் தொட்டறிய வேண்டும். நோயாளி பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் இயல்பாக இமைக்கிறாரா என நோக்க வேண்டும். கருவிழியில் பஞ்சு பட்டால் இமைக்கும் அனிச்சைச் செயலைத் தவிர, இந்நரம்பின் உணர்ச்சி நிலையை நோயாளியின் வாய்ச்சொல்லே நமக்கு உணர்த்துகிறது. ஏழாம் நரம்பைப் பார்த்து அறியலாம். ஐந்தாம் நரம்பைக் கேட்டே அறிய வேண்டும். கேட்பதற்கு மொழி வேண்டும். சொல்வதற்கு அச்சமின்மை வேண்டும். தோட்டப்புறத்தில் இவ்விரண்டும் அரிதாக இருந்தன.

சொல்ல விடாத சட்டம்

1873ஆம் ஆண்டு நார்வே நாட்டின் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். பாவத்தின் பயன் என்றும் குலத்தின் குறை என்றும் கருதப்பட்ட நோய் ஒரு கிருமியால் வருவது எனத் தெளிந்தது. அத்தெளிவு நோயாளிக்கு உடனே நன்மை தரவில்லை. 1897ஆம் ஆண்டு பெர்லினில் கூடிய உலக மாநாடு நோயாளரைத் தனிமைப்படுத்துவதே வழி எனப் பரிந்துரைத்தது. மலாய்க் கூட்டு மாநிலங்களில் 1926ஆம் ஆண்டுச் சட்டம் அத்தனிமையைக் கட்டாயமாக்கியது.

மனிதருள் 100 பேரில் ஏறத்தாழ 95 பேருக்கு இந்நோயை எதிர்க்கும் ஆற்றல் இயற்கையாகவே உண்டு என்பதை இன்று அறிவோம். அன்று அதனை எடுத்துரைப்பார் இல்லை. கன்னத்தில் மதமதப்பு எனச் சொல்லும் ஒரு தாய்க்கு அச்சொல்லின் விலை என்னவாக இருக்கும் என எண்ணிப் பார்ப்போம். லயத்து வீடு தோட்டத்திற்குரியது. வேலை போனால் வீடும் போகும். பிள்ளைகளைப் பிரிய நேரும். இந்நிலையில் மறைத்தலே குடும்பத்தைக் காக்கும் வழியாகத் தோன்றியிருக்கும். அதனைக் குற்றம் எனக் கூற நமக்கு மனம் வரவில்லை. கட்டாயத் தனிமை நடந்த நாடுகள் எல்லாவற்றிலும் மக்கள் நோயை மறைத்தனர் என்பது உலகறிந்த உண்மை. நோயைத் தடுக்க எழுந்த சட்டம், நோயைக் கண்டறிய வேண்டிய வாயை அடைத்தது.

சுங்கை பூலோ

கோலாலம்பூரின் செத்தாப்பாக் பகுதியில் இருந்த பழைய தொழுநோய் இல்லம் நெருக்கடி மிகுந்தது. அதன் பொறுப்பை ஏற்ற மருத்துவர் டிராவர்ஸ், நோயாளர் சிறைக்கைதிகள் அல்லர் என்னும் கருத்தினர். அவருடைய முயற்சியின் பயனாக, புக்கிட் லாகோங் மலையடிவாரத்தில் 1930ஆம் ஆண்டு சுங்கை பூலோ குடியிருப்பு திறக்கப்பட்டது. சிறு சிறு வீடுகள், தோட்ட நிலம், பள்ளி, கோயில், பள்ளிவாசல், தேவாலயம் ஆகிய அனைத்தும் அங்கு அமைந்தன. அதற்குள் மட்டும் செல்லும் பணத்தாளும் இருந்தது. 2,000க்கும் மேற்பட்டோர் வாழ்ந்த காலம் உண்டு.

அது கருணையால் எழுந்த ஊர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் உள்ளே சென்றவர் விரும்பியபோது வெளியேற இயலாது. அங்குப் பிறந்த குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டனர். பலர் பிறருக்குத் தத்தாகக் கொடுக்கப்பட்டனர். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் உணவும் மருந்துமின்றிப் பலர் மாண்டனர். கருணையும் பிரிவும் ஒரே வேலிக்குள் இருந்தன. இரண்டையும் சேர்த்தே வரலாறு எழுதப்பட வேண்டும்.

மருந்தின் வரலாற்றில் தமிழ்ச் சித்த மருத்துவத்திற்கும் ஓர் இடமுண்டு. நீரடிமுத்து என நம்மவர் அழைத்த மரத்தின் இனத்தைச் சார்ந்த விதைகளின் எண்ணெயே அக்காலத்தில் உலகெங்கும் தொழுநோய்க்கு வழங்கப்பட்டது. அது சிலருக்குச் சிறிது பயன் தந்தது, நோயைத் தீர்க்கவில்லை. 1941ஆம் ஆண்டு அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் சல்ஃபோன் மருந்து தொழுநோயாளருக்கு முதன்முதலாக வழங்கப்பட்டது. அம்மருந்துகளுள் மலிவான டாப்சோனைச் செங்கற்பட்டில் ராபர்ட் காக்ரேன் 1940களில் பயன்படுத்திக் காட்டினார். அதே பத்தாண்டின் இறுதியில் சுங்கை பூலோவிலும் சல்ஃபோன் மருத்துவம் தொடங்கியது.

அடுத்து நிகழ்ந்தவற்றால் சுங்கை பூலோ உலக மருத்துவ நூல்களில் இடம்பெற்றது. 1964ஆம் ஆண்டு பெட்டிட், ரீஸ் என்னும் ஆய்வாளர்கள் அங்கிருந்த நோயாளரிடமிருந்து பெற்ற கிருமிகளை எலியின் பாதத்தில் வளர்த்து, டாப்சோனுக்கு அடங்காத கிருமி உண்டு என்பதை முதன்முதலாக மெய்ப்பித்தனர். 1970ஆம் ஆண்டு வெளிவந்த ரிஃபாம்பிசின் ஆய்விலும் சுங்கை பூலோ நோயாளர் பங்கேற்றனர். ஒரு மருந்தை மட்டும் நம்பலாகாது என்னும் கருத்து இவ்வாறு வலுப்பெற்றது. 1981ஆம் ஆண்டு உலகச் சுகாதார நிறுவனம் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையைப் பரிந்துரைத்தது. இன்று உலகெங்கும் தொழுநோய் குணமாகிறது என்றால், அதில் சுங்கை பூலோவில் வாழ்ந்த பெயரறியா நோயாளரின் பங்கும் உண்டு.

வலியும் வலியின்மையும்

மருந்து கிருமியைக் கொல்லும்; பட்டுப்போன நரம்பை உயிர்ப்பிக்காது. இதனை ஆழ்ந்து உணர்ந்தவர்களுள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பால் பிராண்ட் ஒருவர். 1940களின் இறுதியில் செங்கற்பட்டில் நோயாளரின் கைகளைக் கண்டபின், அவர் இந்நோயின் ஊனங்களை ஆராயலானார். விரல்கள் நோயால் தாமே உதிர்வதில்லை. வலி தெரியாமையால் சுட்டும் வெட்டியும் தேய்ந்தும் அழிகின்றன என்பது அவர் கண்ட உண்மை. வலி உடலின் காவலன் என்பதைத் தம் வாழ்நாள் முழுதும் அவர் வலியுறுத்தினார். அவருடைய துணைவியாரான மார்கரெட் பிராண்ட் அதே உண்மையைக் கண்ணில் கண்டு, நோயாளரின் பார்வையைக் காக்கப் பாடுபட்டார்.

மூடாத இமைக்கு ஓர் அறுவை மருத்துவமும் உண்டு. நெற்றிப்பொட்டில் உள்ள மெல்லும் தசையின் ஒரு பகுதியைப் பிரித்து இமைகளோடு இணைப்பர். அத்தசை ஐந்தாம் நரம்புக்குரியது. அதன் பின் நோயாளி பல்லைக் கடித்தால் கண் மூடும். ஏழாம் நரம்பு செய்ய மாட்டாததை ஐந்தாம் நரம்பு செய்கிறது. ஆயினும் இயல்பான இமைப்பைப் போல அது தானே நிகழாது. நாள்தோறும் நினைந்து நினைந்து பல்லைக் கடிக்க வேண்டும். நரம்பை இழந்த பின் பெறுவது எவ்வளவு அரியது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

ஆகவே நரம்பு அழியுமுன் அறிதலே முதன்மை. அங்கேதான் வலி நமக்குத் துணையாகிறது. நோயின் இடையிலோ, மருந்து உண்ணும் காலத்திலோ, உடலின் எதிர்ப்பாற்றல் திடீரென மிகுந்து நரம்பு வீங்குவதுண்டு. கன்னமும் புருவமேடும் கடுக்கும்; தொட்டால் நோகும்; சில நாள்களில் இமை தளரும். மருந்துதான் கேடு செய்தது எனப் பிழையாக எண்ணி மருந்தை நிறுத்துவோர் உண்டு. அது பெருந்தீங்கு. கிருமி மருந்தைத் தொடர்ந்துகொண்டே, மருத்துவர் கண்காணிப்பில் பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தைப் பல வாரங்கள் படிப்படியாகக் குறைத்து உண்ண வேண்டும். நரம்பின் செயல் குறையத் தொடங்கி ஆறு மாதத்திற்குள் இது தொடங்கினால் மீளும் வாய்ப்பு மிகுதி. வலியே இல்லாமலும் நரம்பு கெடுவதுண்டு. எனவே மருந்து உண்ணும் ஒவ்வொருவர்க்கும் இமைச் சோதனையும் பஞ்சுச் சோதனையும் மாதந்தோறும் வேண்டும்.

முகத்தில் தோன்றும் வலியெல்லாம் தொழுநோய் அன்று. முக்கிளை நரம்பு வலி என்னும் தனிநோய் ஒன்று உண்டு. பல் துலக்கினாலும் காற்று பட்டாலும் நொடிப்பொழுது வெட்டி மறையும் வலி அது. பல்வலி என மயங்கி நல்ல பற்களைப் பிடுங்கிக்கொண்டோர் எல்லா நாட்டிலும் உளர். 1962ஆம் ஆண்டு முதல் கார்பமசெப்பின் என்னும் மருந்து அதற்குப் பயன்பட்டு வருகிறது. இரண்டையும் பிரிப்பது முன்னர்க் கூறிய பஞ்சுதான். முக்கிளை நரம்பு வலியில் தொடு உணர்ச்சி பெரும்பாலும் குறைவதில்லை. வலிக்கும் இடம் மரத்தும் இருக்குமாயின் வேறு காரணத்தைத் தேடியாக வேண்டும்.

சொல்லும் சோதனையே

மொழி மன்றம் ஒன்றின் சொற்பொழிவில் நரம்பைப் பற்றிப் பேசுவதற்குரிய காரணம் இப்போது விளங்கியிருக்கும். குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், உளைச்சல், தெறிப்பு, மதமதப்பு, மரத்துப்போதல் ஆகியவை ஒரே பொருள் தரும் சொற்கள் அல்ல. எரிச்சலும் தெறிப்பும் நரம்பின் மொழி. கடுப்பு வீக்கத்தைக் காட்டலாம். மதமதப்பு உணர்ச்சி மங்குவதைக் காட்டும். பால்வெட்டும் பாட்டி ஒருவர் இச்சொற்களை மயங்காமல் ஆள்வார். மொழியறியா மருத்துவர் முன் அவை அனைத்தும் ‘வலி’ என்னும் ஒரே சொல்லாகச் சுருங்கின. மதமதப்போ வலியின்மையால் சொல்லப்படாமலே போனது. நோயாளியின் சொல்லைச் சிதையாமல் கொண்டு சேர்த்த டிரெசர்கள் ஒரு நரம்பையோ ஒரு கண்ணையோ காத்திருப்பார்கள். அத்தொண்டு எந்த ஏட்டிலும் பதிவாகவில்லை.

நோயின் பெயரிலும் இதே பொறுப்பு உண்டு. குட்டம், பெருநோய் என்னும் பழஞ்சொற்கள் வசையாகவும் வழங்கின. இன்று ‘தொழுநோயாளர்’ என்றும், குணமானவரை அப்பெயராலும் சுட்டாமலும் எழுதுவது வெறும் நாகரிகம் அன்று. இகழ்ச்சிக்கு அஞ்சாதவரே தம் மதமதப்பை வாய்திறந்து சொல்வர்.

தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. மக்கள் நகர்ப்புறம் பெயர்ந்துள்ளனர். சுங்கை பூலோவின் ஒரு பகுதியில் மருத்துவப் பல்கலைக்கழகக் கட்டடங்கள் எழுந்துள்ளன. எஞ்சிய பகுதியில் பூச்செடிப் பண்ணைகளும் முதியோர் சிலரின் வீடுகளும் உள்ளன. நோய் குறைந்துள்ளது; முற்றும் அகலவில்லை. வட சிலாங்கூர்த் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் மாணவரைக் கொண்டு தாத்தா பாட்டியரிடம் இக்காலத்து நினைவுகளைக் கேட்டு எழுதச் செய்யலாம். பெயர் சொல்ல விரும்பாதார் பெயரைக் காத்தே எழுதலாம். அவர்கள் பயன்படுத்திய நோய்ச் சொற்களையும் தொகுக்கலாம். வகுப்பில் ஒரு மாணவனின் தேமல் உணர்ச்சியற்று இருந்தாலோ, வீட்டில் ஒருவர் உறங்கும்போது கண் முழுதும் மூடாதிருந்தாலோ, அரசு சுகாதார நிலையத்திற்கு உடனே அழைத்துச் செல்ல வேண்டும். மருந்து இருக்கிறது, தனிமைச் சிறை இல்லை. முன்னோர் சொல்ல அஞ்சியதை இன்று சொல்லலாம். சொல்பவரைப் பொறுமையுடன் கேட்பது நம் கடமை.